காதணி விழா பேனருக்குக் கீழே டெத் மெட்டல்: ஞாயிற்றுக்கிழமை யார் யார் வந்தீர்கள்?

பெரம்பூர் பாசு | ஞாயிறு இரவு 11.52

வந்து குளித்தாகிவிட்டது. காதில் இன்னும் ஙொய்ங் என்று ஓடுகிறது. தூக்கம் வரப்போவதில்லை, சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தின் பெயரையோ நடத்தியவரின் பெயரையோ போட மாட்டேன். குறை சொல்லப் போகிறேன், அடுத்த தடவை இடம் கிடைக்காமல் போய்விடும். பேண்டின் பெயரைப் போட்டால் இரண்டே நிமிடத்தில் மண்டபத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் அதுவும் வேண்டாம். வெளிமாநிலத்து டெத் மெட்டல் பேண்ட் (வேகமாக வாசித்து உறுமிப் பாடுகிற வகை), நாலு பேர். அது போதும்.

ஆற்காடு சாலையில் மெட்ரோ தடுப்புகளைத் தாண்டி ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடி பார்ட்டி ஹால். காலையில் யார் வீட்டுக் குழந்தைக்கோ அங்கே காது குத்தியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் பேனர் அப்படியே இருந்தது. தங்க நிறத்தில் ‘காதணி விழா’, நடுவில் குழந்தையின் போட்டோ, ஓரத்தில் கூலிங் கிளாஸோடு தாய்மாமன்கள் ஆறு பேர். கழற்ற ஏணி இல்லையாம். சரி, வந்திருந்தவர்களுக்குச் செய்யப்போவதும் அதுதானே என்று விட்டுவிட்டார்கள் போல.

5 மணி என்று போட்டிருந்தார்கள், தொடங்கியபோது 7.10. முதலில் நம்ம ஊர்ப் பையன்கள் அரை மணி நேரம், அப்புறம் இவர்கள். நான் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 63 தலை. லிஃப்ட் ஆபரேட்டரையும் சேர்த்து.

இரண்டாவது பாட்டிலேயே கிக் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், முன்னால் நகரத் தொடங்கியது. கீழே வழவழ கிரானைட், மேலே ஒரு மெல்லிய விரிப்பு. டிரம்மர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எழுந்து வந்து இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலாவது பாட்டில் கிக் அவர் காலுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. யாரும் சொல்லாமலே சமையல்கட்டிலிருந்து ஒருவர் 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிவந்து கிக்குக்கு முன்னால் போட்டார், கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இம்மி நகரவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து டிரம்மரின் கால் ஆறடி. ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு வாசித்தார், இடது சாக்ஸில் கட்டைவிரலிடம் ஓட்டை. மூட்டையின் மேல் பக்கம் ஒவ்வொரு அடிக்கும் லேசாகத் துடித்தது. பெங்களூரில் எத்தனை ஷோ பார்த்திருக்கிறேன், அங்கே டிரம்மர் என்றால் தூரத்தில் ஆடும் ஒரு முடிக்கற்றை, அவ்வளவுதான்.

கடைசிப் பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் காலையில் விழா நடத்திய வீட்டுப் பெரியவர் ஒருவர் மறந்துவைத்த வரிசைத் தட்டுகளை எடுக்க வந்தார். இரண்டு பாட்டு முழுக்க நின்று பார்த்தார். போகும்போது டிரம்மரைக் காட்டி என்னிடம், “தவில் தனி மாதிரி இருக்கு தம்பி, ஆனா இந்த வேகத்துல தாளம் போட்டுக்காட்ட கச்சேரிக்கு ஆள் கிடைக்காது” என்றார்.

சவுண்ட் மோசம். அதை மற்றவர்கள் எழுதுங்கள்.


நங்கநல்லூர் நாய்ஸ் | ஞாயிறு இரவு 11.59

பெரியவர் கதையை நம்ப முடியவில்லை பாசு அண்ணே. காதணி விழாவுக்குப் போய் எங்களுக்குக் காது குத்தாதீர்கள்.


பெரம்பூர் பாசு | திங்கள் அதிகாலை 12.04

நம்பாவிட்டால் போ. தாம்பாளத்தை லிஃப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதே நான்தான்.


மூன்றாம் வரிசை | திங்கள் காலை 8.20

நானும் வந்திருந்தேன். பேண்ட் மீது குறையே இல்லை, எரிச்சல் எல்லாம் நடத்தியவர்கள் மீதுதான். 5 மணி என்றால் 5 மணிக்கு வந்து நின்ற முட்டாள் நான். இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்காரவைத்தார்கள். சவுண்ட் செக் எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. ‘செக், செக், ஒன் டூ’ என்பதை ஒரு பாட்டாகவே மனப்பாடம் செய்துவிட்டேன். 9.40க்கு மேனேஜர் வந்து மெயினை அணைப்பதுபோலக் கையைக் காட்டினார், பேண்ட் வைத்திருந்த பட்டியலில் கடைசி இரண்டு பாட்டு போயிற்று. தாமதம் செய்தது ஒருவர், பாட்டை இழந்தது நாங்கள்.

இதனால்தான் மெட்டல் என்றால் பெங்களூர் என்று எல்லோரும் ரயில் ஏறுகிறார்கள். சென்னை இந்த விஷயத்தில் சின்ன ஊர்தான். ஒத்துக்கொள்வோம்.


சிங்காநல்லூர் சிதைவு | திங்கள் காலை 9.05

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சின்ன ஊர் என்று மூக்கைச் சிந்தினால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது? உங்களுக்காவது 63 பேர். இங்கே டெத் மெட்டல் கேட்கிறவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம், டிரைவருக்குப் பக்கத்து சீட் காலியாக இருக்கும்.


ஓட்டேரி ஓல்டு மேன் | திங்கள் காலை 10.41

சின்ன ஊர், பெரிய ஊர் பற்றிக் கொஞ்சம் பழங்கதை பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். இந்தியாவுக்கு அந்த அளவு மெட்டல் பேண்ட் வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஒன்பது பேர் போனோம். முடிந்ததும் மடிவாளாவில் பஸ் பிடித்தோம், ஓசூர் தாண்டித் தூங்கிவிட்டோம். விடிகாலையில் டீக்கடையில் இறங்கினால் கடைக்காரர் முகம் இழவு வீடு மாதிரி. உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றிருந்தது, அதே ராத்திரி. ஊரே துக்கத்தில் இருந்தபோது எங்கள் ஒன்பது பேர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு. முறைத்தார்கள்.

அதற்கப்புறம் 2011இல் மெட்டாலிகா, 2012இல் ஸ்லேயர், அதே வருடம் பெங்களூர் ஓப்பன் ஏர் மெட்டல் விழாவில் கிரியேட்டர் என்று எல்லாமே அங்கேதான். 350 கிலோமீட்டர். எங்கள் தலைமுறைக்கு மெட்டல் என்பதே காட்பாடி ஸ்டேஷன் வடை வாசனையோடு சேர்ந்த விஷயம்.

ஆனால் சென்னையில் எதுவுமே இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். 2009இல் ஸ்வீடனிலிருந்து ஓபெத் பேண்ட் வந்து வாசித்தது இங்கேதான், ஐஐடி திறந்தவெளி அரங்கில். அவர்களின் பாடகர் மைக்கேல் ஓகர்ஃபெல்ட் பாட்டுக்கு நடுவே அலட்டாமல் ஜோக்கடித்துக்கொண்டு நின்றார், சுற்றிலும் ஐஐடி மரங்கள். அடையாறு அன்வைண்ட் சென்டரில் ஜூன் ராக் அவுட் என்ற ராக் விழா நடந்த காலத்தில் பள்ளிக்கூடப் பையையே மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் பையன்கள் உண்டு. பிளட் கவனன்ட் நம்ம ஊர். எஷர்ஸ் நாட் நம்ம ஊர். பேண்ட் இல்லாமல் இல்லை, நிற்பதற்கு இடம்தான் இல்லை. பெங்களூரில் தனியாக ஒரு பப் திறந்து, ஓரத்தில் மேடை போட்டு, செவ்வாய்க்கிழமைகூட ஷோ நடத்துகிறார்கள். இங்கே மேடை போடுகிற மாதிரி பார் என்றால் ஹோட்டலுக்குள் அல்லது கிளப்புக்குள். ஹோட்டல்காரருக்கு சனிக்கிழமை டிஜே வந்தால் போதும், உறுமுகிறவனை எதற்கு உள்ளே விடவேண்டும்? அதனால்தான் நாம் காதணி விழாவுக்கும் வளைகாப்புக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் நுழைகிறோம்.


மூன்றாம் வரிசை | திங்கள் காலை 11.02

அதெல்லாம் சரி பெரியவரே, 5 மணி என்றால் 5 மணி.


மைக்செட் மகன் | திங்கள் மதியம் 1.15

என் அப்பா மைக் செட் கடை. நானும் அதே தொழில்தான். ஞாயிறு ஷோவுக்கு நான் சவுண்ட் போடவில்லை, டிக்கெட் வாங்கி வந்தவன். ஆனால் ஏன் அப்படிக் கேட்டது என்று சொல்ல முடியும்.

அந்த டிரம்மர் டபுள் பேஸை, அதாவது இரண்டு காலாலும் மாற்றி மாற்றிக் கிக்கை அடிப்பதை, 220 வேகத்தில் ஓட்டினார் என்று வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு 220 தட்டு, ஒரு தட்டுக்கு நாலு அடி. ஒரு விநாடிக்கு 14, 15 அடி வருகிறது. கண்ணாடி ஜன்னல், கிரானைட் தரை, எதிரெதிரே வழுவழு சுவர். அந்த ஹாலில் கைதட்டிப் பார்த்தேன், இரண்டு விநாடிக்குக் குறையாமல் எதிரொலித்தது. அப்படியானால் எந்த நொடியிலும் முப்பது அடியின் மிச்சம் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். புது அடி அதற்குள்தான் வந்து விழவேண்டும். மாவு அரைக்கிற சத்தம் வராமல் வேறென்ன வரும்? நாதஸ்வரக் கச்சேரிக்கு அந்த ஹால் ஒன்றும் குறையாது. மெதுவாகப் போகும் டூம் மெட்டல் பேண்டாக இருந்தாலும் தப்பித்திருக்கும். வேகம்தான் அடிபடும்.

கிதாரை வேறு தாழ்த்தி ட்யூன் செய்திருந்தார்கள். அதன் அடிப்பகுதி, பேஸ் கிதார், கிக் மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டும். சவுண்ட் போர்டில் இருந்தவர் கிக் கேட்கவில்லை என்று கிக்கை ஏற்றினார். பிறகு கிதார் கேட்கவில்லை என்று அதை ஏற்றினார். எதையாவது இறக்கியிருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை, வாரம் நாலு கல்யாண ரிசப்ஷன் போடுகிறவருக்கு பிளாஸ்ட் பீட் (டெத் மெட்டலின் அதிவேக டிரம் அடி) எப்படிக் கேட்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?


நங்கநல்லூர் நாய்ஸ் | திங்கள் மதியம் 1.31

சுவரில் பவானி ஜமக்காளம் கட்டித் தொங்கவிட்டால்? எங்கள் வீட்டில் எட்டு இருக்கிறது, எடுத்துவருகிறேன்.


மைக்செட் மகன் | திங்கள் மதியம் 2.10

கொண்டுவா, பாதி உதவும். சிம்பல் இரைச்சல், கத்தலின் மேல்பகுதி இதையெல்லாம் ஜமக்காளம் குடிக்கும், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளிக் கட்டினால் இன்னும் நல்லது. ஆனால் கீழே உருளுகிற சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலேகால் மீட்டர், அரை அங்குல ஜமக்காளத்தை அது மதிக்கவே மதிக்காது. அதற்கு வழி வேறு. பேஸ் பாக்ஸை இரண்டு பக்கமும் பிரித்து வைக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைக்கவேண்டும். கிதார் ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் நாற்காலி மேல் ஏற்றவேண்டும். எல்லாவற்றையும் விட, மொத்த வால்யூமைக் குறைக்கவேண்டும். அந்த சின்ன ஹாலில் டிரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை, கிக்குக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

அப்புறம், ஆட்கள். மனுஷ உடம்பை விட நல்ல ஜமக்காளம் கிடையாது. 63 பேர் வந்த இடத்தில் 150 பேர் வந்திருந்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்திருக்கும்.


கருவிழி | திங்கள் மாலை 6.48

அந்த 63இல் பெண்கள் மூன்று பேர். நான் ஒருத்தி, மற்ற இருவரில் ஒருவர் பேஸ் வாசித்தவரின் அக்கா.

எனக்குப் பிடித்தது எது என்றால், பாடியவர் தொடங்கும் முன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு மெல்லிய குரல். “அக்கா, ஏசி காத்து நேரா தொண்டைக்கு வருது, கொஞ்சம் திருப்பச் சொல்றீங்களா” என்று உடைந்த தமிழில் கேட்டார். ஐந்து நிமிடத்தில் அதே தொண்டையிலிருந்து பாதாளம் திறந்தது. நான் கொஞ்ச நாளாக இதைப் பழகிக்கொண்டிருப்பதால் பக்கத்தில் நின்று அவர் கழுத்தையே பார்த்தேன். நரம்பு புடைக்கவில்லை. குரல் நாணுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, உறுமல் அங்கிருந்து வரவேண்டும், தொண்டையை நெரித்து அல்ல. வீடியோவில் நூறு தடவை கேட்ட விஷயம், நாலடி தூரத்தில் பார்த்தபோதுதான் வயிறு எப்போது உள்ளே போகிறது என்று பிடிபட்டது. உறுமலைப் பெரிதாக்கிக் காட்ட மைக்கைக் கைக்குள் மூடிப் பிடிக்கவும் இல்லை.

பிடிக்காததையும் சொல்கிறேன். பெண்கள் கழிவறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே பக்கத்து மருந்துக் கடை அம்மாதான் உதவினார். அப்புறம் பிட், மேடைக்கு முன்னால் ஒருவர் மேல் ஒருவர் மோதி ஆடுகிற இடம். எட்டு பேர் சுற்றி ஓடுகிற பிட்டுக்குள் நான் இறங்கியதும் நாலு அண்ணன்கள் கையைக் கோத்து என்னைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், ‘பார்த்து தங்கச்சி, பார்த்து’ என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் நான் மோதத்தானே இறங்கினேன்? அடுத்த தடவை விலகி நில்லுங்கள், விழுந்தால் மட்டும் தூக்கிவிடுங்கள்.


பெரம்பூர் பாசு | திங்கள் மாலை 7.05

அந்த நாலு பேரில் ஒருவன் நான். மன்னித்துவிடும்மா.

விழுந்தால் தூக்கிவிடுவது பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஒரு பையனின் கண்ணாடி விழுந்தது, பிட் அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு செல்போன் டார்ச். பேண்ட் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது, இங்கே எல்லோரும் தரையில் முட்டி போட்டுத் தேடுகிறோம். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டார்.


இரைச்சல் டாக்டர் | திங்கள் இரவு 9.30

பெயர்தான் டாக்டர், வேலை கணக்குப்பிள்ளை. ஆனால் காது விஷயத்தில் பட்டவன்.

பாசு, காதில் ஙொய்ங் என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஙொய்ங் 2014இல் வந்தது, இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை என் போனில் பார்த்தபோது 104 காட்டியது. போனை முழுக்க நம்ப முடியாது, ஆனால் பாதியை நம்பினாலும் கணக்கு உதைக்கிறது.

மருந்துக் கடையில் நுரை பிளக் கிடைக்கும். சும்மா காது வாசலில் சொருகிக்கொண்டு ‘ஒன்றும் பயனில்லை’ என்று சொல்கிறவர்களே அதிகம். விரலில் நன்றாக உருட்டி மெல்லிசாக்குங்கள், இன்னொரு கையால் தலைக்குப் பின்னால் வழியாகக் காது மடலை மேலே இழுங்கள், உள்ளே விட்டு அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். ஒரு ஆச்சரியம், இந்த மாதிரி எதிரொலிக்கிற ஹாலில் பிளக் போட்டால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும். மேலே இருக்கும் இரைச்சல் வடிந்துவிடுகிறது.


நங்கநல்லூர் நாய்ஸ் | திங்கள் இரவு 9.41

காது குத்திய இடத்தில் காதை அடைக்கச் சொல்கிறார். சரி, வாங்குகிறேன்.


கணக்கு தப்பியவன் | செவ்வாய் காலை 7.15

நடத்தியது நான்தான். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வரிசை, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தாமதத்துக்குக் காரணம் காதணி விழாப் பந்தி. மண்டபத்தை 3 மணிக்குத் தருவதாகச் சொன்னார்கள், 4.50க்குத்தான் கடைசி இலையை எடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் ‘சீக்கிரம் சாப்பிடுங்கள், நாங்கள் உறுமவேண்டும்’ என்று எப்படிச் சொல்வது? ஆனால் உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். அது என் தப்பு. கழிவறைச் சாவியும் என் தப்பு, கருவிழி.

9.40 விஷயம் என் கையில் இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி விதிகளில் இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது திறந்தவெளிக்குத்தான், கதவடைத்த மண்டபத்துக்கு விலக்கு உண்டு. மேனேஜரிடம் அதைச் சொன்னேன். “சட்டம் எனக்கும் தெரியும் சார், ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்தா நீங்க வந்து பேசுவீங்களா?” என்றார். பேசமாட்டேன்.

சரி, கணக்கு. டிக்கெட் 499. வந்த 63இல் பணம் கொடுத்தவர்கள் 41. ஆக 20,459. ஹால் 12,000, சவுண்ட் 15,000, டிரம்ஸ் வாடகை 4,000, பேண்டுக்கு ரூமும் சாப்பாடும் 6,500, ரயில் கட்டணமும் சம்பளமும் சேர்த்து 16,000. மொத்தம் 53,500. மீதி 33,041 என் பாக்கெட்டிலிருந்து. மிச்சம் 22 பேரில் சிலர் மேடையில் வாசித்தவர்கள், ஒருவர் லிஃப்ட் ஆபரேட்டர். மற்றவர்கள் ‘தல, கெஸ்ட் லிஸ்ட்ல போடு’ என்றவர்கள். அவர்களில் மூன்று பேர் இந்த இழையிலேயே எழுதியிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

டிஷர்ட் மட்டும் 22 போயிற்று, ஒன்று 600. அந்த 13,200 முழுவதும் பேண்டுக்கு. ‘இந்த ஊருக்கு இன்னொரு தடவை வரலாம்’ என்று அவர்கள் சொன்னது கைதட்டலைப் பார்த்து இல்லை, காலியான அந்தப் பெட்டியைப் பார்த்து.


ஓட்டேரி ஓல்டு மேன் | செவ்வாய் காலை 8.02

தம்பி, அந்த மூன்று பேரில் ஒருவன் நான். ஜிபே நம்பர் அனுப்பு.


மூன்றாம் வரிசை | செவ்வாய் காலை 8.30

மெசேஜ் அனுப்பியிருந்தால் போதும் என்பதுதான் என் கட்சி. இலை எடுத்த கதை தெரிந்திருந்தால் நானும் கீழே போய் ஒரு காபி குடித்திருப்பேன். அடுத்ததுக்கும் வருவேன், ஆனால் 6 மணிக்கு.


மைக்செட் மகன் | செவ்வாய் காலை 9.12

அடுத்ததுக்கு போர்டில் நான் உட்காருகிறேன். வாடகை பாக்ஸுக்கு மட்டும் கொடுங்கள், எனக்கு வேண்டாம். ஜமக்காளம் எட்டையும் மறக்காதே நாய்ஸ்.


சிங்காநல்லூர் சிதைவு | செவ்வாய் காலை 9.20

தேதியை மூன்று வாரம் முன்னாலேயே சொல்லுங்கள். ஷேர் ஆட்டோவை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.


கணக்கு தப்பியவன் | செவ்வாய் மாலை 5.47

அவசரம். மண்டப மேனேஜர் போன் செய்தார். காதணி விழா பேனர் காணவில்லையாம். அந்த வீட்டில் ஞாபகத்துக்காகக் கேட்கிறார்களாம். யாராவது எடுத்தீர்களா?


பெரம்பூர் பாசு | செவ்வாய் மாலை 5.58

நான் கிளம்பும்போது மேடையில்தான் இருந்தது. ஏணி இல்லாமல் யார் கழற்றினார்கள்?


கணக்கு தப்பியவன் | செவ்வாய் இரவு 8.33

கிடைத்தது. டிரம்மருக்கு சிம்பல் பையின் ஜிப் போய்விட்டது. அரிசி மூட்டை கொண்டுவந்த அதே சமையல்காரர்தான் நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறி, பேனரைக் கழற்றி, சிம்பல்களைச் சுற்றிக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது அடுத்த ஊரில் இருக்கிறார்கள். இன்று ராத்திரி அங்கேயும் பின்னால் மாட்டிக்கொள்ளட்டுமா, நாளைக்குக் கூரியரில் அனுப்பிவிடுகிறோம் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை எடுத்தது அந்தத் தவில் பெரியவர்தான். “தாய்மாமன்க முகம் தெரியற மாதிரி மாட்டச் சொல்லுங்க” என்றார்.